ஆறு மணி

அன்புள்ள ஐயா,

நான்கு வருடம் காதலித்தோம். போன ஆவணியில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டில் சொன்னதும் சரி என்று போய்விட்டாள். இந்தக் காதல் தோல்வியையே என் வளர்ச்சிக்குப் பயன்படுத்த நினைத்து ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். பகலில் ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் அறைக்கு வந்தால் முடியவில்லை. என்னை பிளாக் செய்துவிட்டதால் நண்பனின் போனில் அவள் ஸ்டேட்டஸைப் பார்க்கிறேன். இந்தச் சமயத்தில் படிக்க ஐந்து புத்தகங்கள் சொல்ல முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஜிம்முக்குப் போங்கள், உடம்புக்கு நல்லது. புத்தகங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த நண்பனின் போன். இன்றோடு நிறுத்துங்கள். ஒருவர் கதவைச் சாத்திய பிறகு பக்கத்து வீட்டு மாடியேறி எட்டிப் பார்ப்பது திருட்டுத்தனம். அதற்குக் காதல் என்று பெயர் வைக்காதீர்கள். "சரி என்று போய்விட்டாள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த வீட்டுக்குள் யார் சாப்பிடாமல் கிடந்தார்கள், யார் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம் அந்தச் சொல், 'காதல் தோல்வி'. கொஞ்ச நாளாகவே இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பரீட்சைக்கும் தேர்தலுக்கும் உரிய சொல்லை யார் இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள்? நீங்கள் யாரிடம் தோற்றீர்கள்? தோல்வி என்று சொல்லிவிட்டால் அடுத்து ஜெயித்துக் காட்ட வேண்டியதாகிவிடுகிறது. உங்கள் 'வளர்ச்சி'யில் அந்த வாடைதான் அடிக்கிறது. யார் பார்க்க வளர்கிறீர்கள், தம்பி?

நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, பிரிவு. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் 18 கற்பியல், அதாவது கல்யாணத்துக்குப் பிறகான காதல். அது தொடங்குவதே பிரிவாற்றாமையில்தான். அழுது அழுது சிவந்த கண்ணுக்கு ஒரு அதிகாரம், பிரிவில் மேனி நிறம் வெளுக்கும் பசலைக்கு ஒன்று, கனவுக்கு ஒன்று. வள்ளுவர் தோற்பதைப் பற்றியும் பேசுகிறார், 1327ஆம் குறளில். அங்கே ஊடலில் தோற்றவர்தான் வென்றவர். அதெல்லாம் திரும்பி வரப்போகும் கணவனுக்காகக் காத்திருப்பவளின் பிரிவு, என்னுடையது வேறு என்பீர்கள். சரி. ஆனால் வலிக்கிற நேரம் ஒன்றாக இருக்கிறதே! மாலைப் பொழுதுக்கென்றே பொழுதுகண்டிரங்கல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்:

காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி
மாலை மலரும்இந் நோய்.

பகலில் ஒன்றும் தெரிவதில்லை, சாயங்காலம் முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

எனக்கு அது 24 வயதில் வந்தது. ஆறு மணியானால் வீட்டுக்குள் இருக்க முடியாது, வெளியே போகவும் கால் வராது. அம்மா இட்லிக் கடை வைத்திருந்தாள். தினமும் நாலு மணிக்குத் தனியாகவே உட்கார்ந்து மாவாட்டிவிடுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வேலையும் தொட மாட்டாள். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒரு நாள் ஆறு மணிக்கு உளுந்தைக் கொண்டுவந்து வைத்து, "தோள் வலிக்குது, நீ சுத்து" என்றாள். நான் குழவியைச் சுற்ற, அவள் ஓரத்தில் ஏறும் மாவை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். உளுந்து பொங்கப் பொங்கக் குழவியின் சத்தம் மெத்தென்று ஆகிவிடும். கொஞ்சம் தண்ணீர் தெளிப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். கை ஓய்ந்து நிமிர்ந்தால் இருட்டியிருக்கும்.

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. தை பிறந்து ஒரு நாள், மாவை வழித்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். "நல்ல பேரு" என்றாள். அவளுக்குத் தோள்வலியே கிடையாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

இன்று சாயங்காலம் அந்த நண்பனை அறைக்கு வரச் சொல்லுங்கள். அவனுக்கும் உங்களுக்குமாகச் சேர்த்து ஏதாவது சமையுங்கள். போன் அவன் பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.