பல்பாதைத் தாமதம்: தர வரைவில் எவ்வளவு தாங்குதிறன் கேட்கலாம்?

கேள்வி: பல இடங்களில் தாமதப் பரவல் (கட்டடங்களிலும் மலைகளிலும் பட்டுப் பல பாதைகளில் வரும் ஒரே சிக்னலின் வருகை நேரங்களுக்கு இடையிலான விரிவு) ஒரு மைக்ரோவிநாடியைக்கூட எட்டாதபோது, மொபைல் பிராட்பேண்ட் தரங்களில் அதைப் போலப் பல மடங்கு தாங்குதிறன் ஏன் கேட்கப்படுகிறது?

பதில்: இணைப்பைக் கெடுப்பது மிகவும் பிந்தி வரும் எதிரொலி என்பதால், சராசரியை மட்டும் பார்த்து வரம்பு வகுக்க முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் எம்.1225 பரிந்துரையிலுள்ள, ஓடும் வாகனச் சூழலுக்கான ‘வெஹிகுலர் பி’ சேனல் மாதிரியில், முதல் அலைக்கு 12.9 மைக்ரோவிநாடி பிந்தி வரும் ஒரு பாதை, மிக வலுவான பாதையைவிட 10 டெசிபல் மட்டுமே குறைவாக இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த அலை, பத்தில் ஒரு பங்கு வலுவோடு வந்து சேர்கிறது. தரவை நெருக்கமான பல துணை அலைகளில் (சப்கேரியர்களில்) பிரித்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம். முறையில், ஒவ்வொரு சிம்பலுக்கும் (ஒரு தடவை அனுப்பும் சிக்னல் துண்டுக்கும்) முன்னால் எதிரொலிகள் அடங்குவதற்காக விடும் காவல் இடைவெளியை எவ்வளவு தாண்டுகிறதோ அதற்கேற்ப அந்த எதிரொலி குறுக்கீடாக மாறும். கோபுரத்தின் திறனைக் கூட்டினால் குறுக்கீடும் கூடவே ஏறுவதால், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலும் டேட்டா வேகம் ஓர் அளவுக்கு மேல் போகாது.

கேள்வி: அப்படியானால் எல்லாச் சூழலுக்கும் 20 மைக்ரோவிநாடித் தாங்குதிறன் என்றே எழுதிவிடலாமே?

பதில்: எழுதலாம், ஆனால் அதற்கான விலையை எல்லாப் பயனர்களும் எந்நேரமும் கொடுக்க வேண்டியிருக்கும். 4ஜி தரமான எல்.டி.இ.யில் வழக்கமான காவல் இடைவெளி சுமார் 4.7 மைக்ரோவிநாடி, அதை 16.7 ஆக நீட்டும்போது, அரை மில்லிவிநாடிக்குள் 7 சிம்பல் அனுப்பிய இடத்தில் 6 மட்டுமே செல்லும். சிம்பலையே நீளமாக்கினால் இந்த இழப்பு குறையும் என்பது உண்மைதான். இன்னொரு வயர்லெஸ் பிராட்பேண்ட் தரமான வைமேக்ஸ், 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 91.4 மைக்ரோவிநாடி சிம்பலோடு 11.4 மைக்ரோவிநாடி இடைவெளி வைத்தது அவ்வாறுதான். ஆனால் சிம்பல் நீள நீள சப்கேரியர்கள் நெருங்கி, பயனர் நகரும்போது அலையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விலகலுக்கு எளிதில் ஆட்படுகின்றன. வேகமாக நகரும் பயனர்களுக்கான மொபைல் பிராட்பேண்ட் தரத்தை வகுத்த ஐ.இ.இ.இ. 802.20 திட்டம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தையும் 3.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலைவரிசைகளையும் இலக்காகக் கொண்டிருந்தது. அந்த வேகத்தில், அந்த மேல் எல்லையில், விலகல் சுமார் 810 ஹெர்ட்ஸ் வரும். ஆகவே தாமத வரம்பையும் வேக வரம்பையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனித்தனியே எழுதினால், இரண்டில் ஒன்றை மட்டும் நிறைவேற்றும் வடிவமைப்பும் தேறிவிடும்.

கேள்வி: தேவை ஆவணத்தில் காவல் இடைவெளியின் நீளத்தையே குறிப்பிடலாமா?

பதில்: கூடாது, ஏனெனில் அது ஒரே தொழில்நுட்பத்துக்கு மட்டும் கதவைத் திறப்பதாகும். முந்தைய மொபைல் முறைகளில் ஜி.எஸ்.எம்., எதிரொலியால் வரும் சிதைவைச் சரிசெய்யும் ஈக்வலைசரைக் கொண்டும், சி.டி.எம்.ஏ., எதிரொலிகளைத் தனித்தனியே பிடித்துச் சேர்க்கும் ரேக் ரிசீவரைக் கொண்டும் இதே சிக்கலைச் சமாளித்தன. எந்தச் சேனல் மாதிரியில், எந்த வேகத்தில், எந்தப் பிழை விகிதத்துக்குள் இணைப்பு இயங்க வேண்டும் என்று எழுதினால் போதும்.

கேள்வி: சிறிய செல்களுக்கும் இதே வரம்பு தேவையா?

பதில்: தேவையில்லை. 5ஜி.யில் 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சப்கேரியர்களுக்குக் காவல் நேரம் சுமார் 0.59 மைக்ரோவிநாடிதான், பாதை வித்தியாசம் 175 மீட்டரைத் தாண்டாத செல்லுக்கு அது போதும்.