யூடியூப் ஆராதனை போதாதா, அக்கா?

கேள்வி: எனக்கு 29 வயது. தென் மாவட்டத்துக் கிராமம் சொந்த ஊர்; சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. கொரோனா காலத்தில் தொடங்கி இன்றுவரை ஞாயிறு ஆராதனை யூடியூபில்தான். ஜெபமும் வேத வாசிப்பும் விடவில்லை. ஊர்ச் சபையில் தேர்தல் வந்தாலே அடிதடி, கோர்ட்டு வழக்கு. பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டது. ‘சபை மாற்றக் கடிதம் வாங்கி அங்கே ஒரு கோயிலில் சேர்ந்துகொள்’ என்று அம்மா விடாமல் சொல்கிறார். இயேசுவை நம்பினால் போதாதா? பெயர் எழுதித்தான் ஆகணுமா?

பதில்: தம்பி, ‘சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள்’ என்கிற எபிரெயர் 10:25-ஐ அம்மா ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பார். நானும் அதையே எடுத்து உங்களை மடக்கப் போவதில்லை.

தேர்தலைப் பற்றி நீங்கள் எழுதியது நிஜம். நானும் சேகரக் கமிட்டியில், அதாவது நம் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கிற குழுவில், இருந்தவள்தான். பள்ளிக்கூட வேலை, கல்லூரி சீட்டு, நிலம் எல்லாம் டயோசிஸ் (திருமண்டலம்) கையில் இருப்பதால் அந்த ஓட்டுக்கு அவ்வளவு போட்டி. ஆனால் இது நம் காலத்தில் வந்த நோய் இல்லை. கொரிந்து சபையிலும் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்தியிலேயே வசதியுள்ளவன் வயிறு முட்டச் சாப்பிட, ஏழை பசியோடு உட்கார்ந்திருந்தான். பவுல் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். கலைந்து போய் அவரவர் வீட்டில் ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் எழுதவில்லை.

நம் பக்கத்துச் சட்டாம்பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியே வந்தவர். தம் சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் தாழ்வாக எழுதியது வேறு அவரைக் கொதிக்க வைத்தது. அத்தனை கோபத்திலும் 1857-ல் பிரகாசபுரத்தில் தனியாக ஒரு சபையைத்தான் உண்டாக்கினார். கூடி ஆராதிப்பதை அவர் விடவில்லை.

ஆனால் பெயர் எழுதாத எல்லாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால், தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் கிறிஸ்தவர் என்று பதிந்தால் எஸ்.சி. தகுதி போய்விடும். பிள்ளையின் படிப்பையும் வேலையையும் நினைத்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் எத்தனையோ. புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் இயேசுவிடம் ஜெபிக்கிற பெண்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற லுத்தரன் இறையியலாளர், சென்னையில் இப்படிச் சபைக்கு வெளியே விசுவாசிக்கிறவர்கள் ஏராளம் என்று ஆய்வு செய்தே எழுதினார். சபைக்கு வர அவர்கள் கொடுக்க வேண்டிய விலை பெரிது. உங்களுக்கு அப்படி ஒரு தடையும் இல்லையே, தம்பி.

எங்கள் சபையில் இரண்டு பாட்டிகள் எப்போதும் ஒரே இடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு சரணத்தை இவர் பார்த்துப் பாடுவார், அடுத்ததற்குக் கண்ணாடி அங்கே போய்விடும். ஒரு ஞாயிறு அதில் ஒருவர் வரவில்லை. ஆராதனை முடியட்டும் என்றுகூட மற்றவர் காத்திருக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்து போனார். கதவைத் திறக்கவே ஆளில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார் அந்தப் பாட்டி. அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முறை போட்டுக்கொண்டோம். முறை போட்டவர்களில் இருவர் தேர்தல் சண்டையில் அந்தப் பாட்டியின் மகனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள். அவர்களும் தூக்குவாளியோடு போனார்கள். நீங்கள் வெறுத்து ஒதுங்கிய மாதிரிச் சபைதான் இதுவும்.

யூடியூபில் நல்ல பிரசங்கம் கேட்கலாம். கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் திருவிருந்து அதில் வராது. மூன்று வாரமாக உங்களைக் காணோமே என்று யாரும் போன் போடவும் மாட்டார்கள். அதோடு, நீங்கள் போய் விசாரிக்க வேண்டிய ஆளும் அதில் இல்லை. எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்போதே கடிதத்துக்கு அலைய வேண்டாம். பேர் பெற்ற பெரிய கோயிலைத் தேடிப் போகாமல், நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய சபையாகப் பாருங்கள். கொஞ்ச நாள் அதே சபைக்கே போங்கள். ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுக்காமல் வாசலில் நில்லுங்கள். வரவு செலவைச் சபைக்கு முன் வாசிக்கிறார்களா, புதிதாக வருகிறவரிடம் சாதியைத் துருவுகிறார்களா, இரண்டையும் கவனியுங்கள். துருவினால் வேறு சபை பாருங்கள். சரியாக இருந்தால் ஓய்வுநாள் பள்ளியிலோ பாடகர் குழுவிலோ ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க (சபையில் கல்யாண அறிவிப்புச் சொல்ல) மட்டும் ஆயரைத் தேடிப் போகிற ஆளாக இருக்காதீர்கள்.

கடிதம் ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பொறுக்கும்படி நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லுங்கள்.