தெருவில் கிடைத்த பூனைக்குட்டியை வீட்டில் சேர்ப்பது எப்படி? வீட்டில் வயதானவரும் கர்ப்பிணியும் இருந்தால் சிக்கலா?

நீங்கள் எழுதியிருப்பது: குட்டி இரண்டு நாளாக அபார்ட்மென்ட் மாடிப்படிக்கு அடியில் கத்துகிறது, தாய்ப்பூனை கண்ணில் படவில்லை, பிள்ளைகள் கிண்ணத்தில் பால் வைக்கிறார்கள், அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார், அண்ணிக்கு ஆறாம் மாசம். நானும் சென்னைதான். ஏறக்குறைய இதே நிலைமையில் மாட்டியவள். டாக்டர் இல்லை, பட்டதை எழுதுகிறேன்.

முதல் வேலையாக அந்தப் பால் கிண்ணத்தை எடுங்கள். பூனை என்றால் பால் என்று தெனாலிராமன் காலத்திலிருந்து நம் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் நிறையப் பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். அரைக் கிலோகூட இல்லாத உடம்பில் தண்ணீர் வற்ற ஒரு நாள் போதும். பல் முளைத்த குட்டி என்றால் உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்து, வெந்த தண்ணீரோடு பிசைந்து தட்டையான தட்டில் வையுங்கள். பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். பல்லே இல்லை, கண் இப்போதுதான் திறக்கிறது என்றால் கதையே வேறு. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் வாங்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியும் கொடுக்கவேண்டும். மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்கணும். உடம்பு சில்லென்றிருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். அவ்வளவு சின்னதற்குத் தானாக மூத்திரம்கூடப் போகத் தெரியாது, ஈரப் பஞ்சால் துடைத்துத் தூண்டவேண்டும். அப்படிப்பட்ட குட்டியானால் இந்தப் பதிலை மூடிவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.

எங்கள் வீட்டுக் கதை 2023 தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் ஆரம்பித்தது. வில்லிவாக்கம், மூன்றாவது மாடி, நல்ல மழை. இவர் கீழே போய் வண்டியை எடுக்கப் பார்த்தால் கவருக்குள்ளிருந்து கத்தல். எஞ்சின் சூட்டுக்கு ஒண்டியிருக்கிறது. (மழைக்காலத்தில் வண்டி கிளப்பும் முன் சீட்டை நாலு தட்டு தட்டுங்கள். கார் என்றால் பானெட்டை.) கறுப்பும் ஆரஞ்சும் குழைத்துப் பூசிய நிறம். அந்த வாரம் வீட்டில் மிச்சமிருந்த தீபாவளி லேகியம் மாதிரியே இருந்ததால் பையன் அந்தப் பெயரையே வைத்துவிட்டான். பெயர் வைத்த பிறகு எங்கே திருப்பி விடுவது? சமையலறைத் தராசில் 390 கிராம் காட்டியது. பல்லைப் பார்த்துவிட்டு டாக்டர் ஐந்து வாரம் இருக்கும் என்றார். ஆணா பெண்ணா என்று நான் கேட்கும் முன்பே, இந்த இரண்டு நிறமும் கலந்திருந்தால் அநேகமாகப் பெண்தான், நிறம் எக்ஸ் குரோமோசோமில் வருகிறது என்றார்.

வீடு முழுக்கத் திறந்துவிடாதீர்கள். முதல் பத்து நாள் ஒரே அறை. எங்கள் லேகியம் வந்ததும் பையன் ரூம் பீரோவுக்குப் பின்னால் புகுந்துகொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. இழுக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் நைந்த காட்டன் புடவை, வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிய பாட்டில், ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் அது வெளிக்குப் போக மணல் தட்டு. அவ்வளவுதான். பையன் தரையில் படுத்துக்கொண்டு சமூக அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படிப்பான். மூன்றாம் நாள் சோழர்கள் வந்தபோது அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

மணலுக்குப் பெரிதாகப் பயிற்சி தேவையில்லை. பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தது, மேஸ்திரியிடம் கேட்டு ஒரு பக்கெட் சலித்த மணல். சாப்பிட்டவுடன் தூக்கி அதில் விட்டேன், தானாகத் தோண்டியது. கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகிற பூனை மணல் ("லிட்டர்" என்பார்கள்) சின்னக் குட்டிக்கு வேண்டாம், தின்று வைக்கும். ஒன்றே ஒன்று கவனிக்கவில்லை: பால்கனித் துளசித் தொட்டியிலும் மண் இருக்கிறது. அது நடந்த காலையில் என் மாமியார் பேசியதை இங்கே எழுத முடியாது. தொட்டி மண்ணை மூடிக் கூழாங்கல் பரப்பிய பிறகு நின்றது. பால்கனிக்குப் புறா வலையும் அப்போதே அடித்தோம். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றிவிடும் என்பார்கள். ஊன்றும், தாடையும் உடையும்.

இனி, இதைப் படிக்கிற யாராவது ஒரு விஷயம் மட்டும்தான் நினைவில் வைப்பார்கள் என்றால் இதுவாக இருக்கட்டும். குட்டி நம் வீட்டுக்குப் பழகப் பத்து நாள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாதி சாமான் அதற்கு விஷம் என்பது எனக்கு மட்டமான ஒரு சாயங்காலத்தில்தான் தெரிந்தது.

நாலாம் நாள் உடம்பில் தெள்ளுப்பூச்சி ஓடுவதைப் பார்த்தேன். கடையில் கேட்டேன். நாய்ப் படம் போட்ட பவுடர் டப்பாவைக் கொடுத்து, "ரெண்டுக்கும் ஒண்ணுதான் மேடம், கொஞ்சமா போடுங்க" என்றார். கொஞ்சமாகத்தான் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் காது துடிக்க ஆரம்பித்தது, அப்புறம் கால்கள், வாயில் எச்சில். டாக்டருக்குப் போன் பண்ணினால், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் உடனே கழுவுங்க, துண்டில் சுத்தித் தூக்கிட்டு வாங்க என்றார். மழையில் ஆட்டோ பிடித்து ஓடினோம். ராத்திரி பத்து மணி வரை ஊசியும் டிரிப்புமாகக் கிடந்து பிழைத்தது. டப்பாவில் பொடி எழுத்தில் பெர்மெத்ரின் என்று இருந்தது. நாய் தாங்கும், பூனை தாங்காது.

காரணத்தை அன்றைக்கு டாக்டர் சொன்னார். நாமும் நாயும் சில நஞ்சுகளை ஒரு நொதியின் உதவியால் கல்லீரலில் மாற்றி வெளியே தள்ளிவிடுகிறோம். பூனைக்கு அந்த வேலை சரியாக நடக்காது. அதனால்தான் குழந்தைக்கு ஜுரத்துக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதனால்தான் ஃபினாயிலும் ஆகாது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும் நாள். ஈரத் தரையில் நடந்த பூனை உட்கார்ந்து காலை நக்கும். நாங்கள் இப்போது வெறும் சோப்புத் தண்ணீர்தான். அலமாரிப் பாச்சை உருண்டையையும் எடுத்துவிட்டோம். தெள்ளுப்பூச்சிக்கு அடர்த்தியான பல் வைத்த பேன் சீப்பு போதும், சீவிச் சீவி சோப்புத் தண்ணீரில் முக்குவது. எடையும் வயதும் ஏறிய பிறகு டாக்டர் பூனைக்கான சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டு விவகாரம் நம் வீடுகளுக்கே உரியது. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி கவிச்சி கிடையாது. அந்த நாட்களில் அத்தை தயிர் சாதம் பிசைந்து வைத்தார். குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணை மூடுவதுபோல் தரையைப் பிராண்டிவிட்டுப் போய்விட்டது. "என் தயிர் சாதத்தையா மூடுது!" என்று அத்தைக்கு ஒரே கோபம். பூனைக்கு மாமிசம் ஆசைக்காக இல்லை. டாரின் என்றொரு சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது, பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். கடைசியில், விரத நாளில் கடை உணவு, பால்கனிப் பக்கம், தனித் தட்டு என்று உடன்பாடு. மறு வருஷம் புரட்டாசி முழுக்க அப்படித்தான் ஓடியது. மற்ற நாளில் கோழியோ மத்தியோ மசாலா போடும் முன் அதற்கென்று எடுத்து வேகவைத்துவிடுவேன். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவது தப்பு. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

உங்கள் அம்மா விஷயம். அத்தை முதல் நாள் சொன்னது, "பூனை முடி உள்ள போனா தொண்டை அடைச்சிடும்மா." நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் தங்கை ஒருத்தி ஆறு வயதில் டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டாள், அந்த வீட்டில் அப்போது ஒரு பூனை இருந்தது, எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய துக்கம் அது. நான் வாதாடவில்லை. எங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர்தான் பொறுமையாகச் சொன்னார்: அது ஒரு பாக்டீரியா, ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் பெரும்பாலும் பரவுகிறது, பூனை முடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அத்தை ஒன்றும் பேசாமல் வந்தார். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒவ்வாமை பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் வருவது, முடி அதைச் சுமந்து திரிகிறது.

பத்து நாளில் கார்த்திகை தீபம் வந்தது. வழக்கம்போல் தரையில் அகல் வைத்தால் வால் போய்விடும். அந்த வருஷம் எல்லா விளக்கும் ஜன்னல் திட்டிலும் வாசல் படியிலும். டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர், எங்கள் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லை, மணல் வாங்கவும் வழியில்லை. பழைய தினசரியைக் கிழித்துப் போட்டுச் சமாளித்தோம்.

அதில் முதல் தடுப்பூசி ஒரு வாரம் தள்ளிப்போனது. எட்டு வாரத்தில் பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி, மூன்று மாசத்தில் ரேபிஸ், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து அதற்கு முன்னாலேயே. செலவு யோசனை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும், அரை நாள் போகும். ஐந்தாறு மாசத்தில் கருத்தடை. தள்ளிப்போடாதீர்கள், நாலு மாசத்திலேயே சினை பிடிக்கக்கூடும், இரண்டே மாசத்தில் குட்டி போடும்.

குட்டியைப் பிடிக்கும்போது பிள்ளைகளைக் கீறினால் அலட்சியம் வேண்டாம். என் பையன் கையில் முதல் நாளே ரத்தம் வந்தது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம், அன்றைக்கே அரசு மருத்துவமனை. முதல் நாள் ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில், தோலில் போடும் ரேபிஸ் தடுப்பூசி, காசில்லை. தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று பிள்ளைகளை யாராவது பயமுறுத்தினால், அந்தக் காலம் போய் இருபது வருஷம் ஆகிறது.

அண்ணி. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றித்தான் பயம், அது நியாயமான பயம். ஆனால் குட்டியைத் தடவினால் வருவதில்லை. கிருமி தொற்றிய பூனையின் மலத்தில், அதுவும் முதல் தடவை தொற்றியபின் சில வாரங்கள்தான், வெளியேறும். வெளியே வந்த பிறகும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து குறைகிறது. குட்டிக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள். சரியாக வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும்கூட அதே கிருமி இருக்கலாம், அதையும் அண்ணியிடம் சொல்லுங்கள். அடுத்த செக்கப்பில் வீட்டுக்குப் பூனை வந்திருக்கிறது என்று மகப்பேறு டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதுவார். அண்ணி அந்த மணல் தட்டைத் தொடவே வேண்டாம். பிரசவம் வரைக்கும் அது உங்கள் அண்ணன் வேலை, அதற்கப்புறமும் அவரே செய்தால் நல்லது.