நெருக்கடி காலத்தில் அரசு ஊழியர் சங்கங்கள் சம்பள உயர்வு கேட்பது நியாயமா? அது மக்கள் வரிப்பணம்தானே?

11 வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன், சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தேன். கேட்பதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணம் யார் தலையில் விழும் என்று பார்க்காமல் கேட்பது தப்பு. எனக்கு அது ஒரு கெட்ட வருடத்தில்தான் புரிந்தது.

அந்த வருடம் வரி வசூல் மளமளவென்று குறைந்தது. சங்கம் விடாமல் பேசி உயர்வு வாங்கிக் கொடுத்தது, நானும் கை தட்டினேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் பிரிவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் யாருக்கும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. என் பக்கத்து மேசையில் இருந்த பெண் நான் செய்த அதே வேலையைத்தான் செய்தார், சம்பளம் மட்டும் என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு. மொத்தச் சம்பளத் தொகை கூடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேலே இருந்து உத்தரவு, எங்களுக்குக் கூடியதை அவர்களிடமிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. அவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை, அதனால் சங்கம் அவர்களுக்காக ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அதற்குப் பிறகு "ஊழியர் நலன்" என்று யார் மேடையில் பேசினாலும், எந்த ஊழியர் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, "வரிப்பணம்தானே" என்ற கேள்விக்கு வருகிறேன். அரசு ஊழியரும் வரி கட்டுகிறார், சும்மா உட்கார்ந்து வாங்கவில்லை, வேலைக்குத்தான் கூலி வாங்குகிறார். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. தனியார் கம்பெனியில் சங்கம் அளவுக்கு மீறிக் கேட்டால் கம்பெனியே மூழ்கிவிடும், அது இரண்டு தரப்புக்கும் தெரியும். அரசில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தன் கைக்காசைக் கொடுப்பதில்லை, அடுத்த தேர்தலில் அவருக்கு அதே ஊழியர்களின் ஓட்டும் வேண்டும். தொழிலாளர் சட்டங்களுக்குப் பெயர் பெற்ற அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே 1937 ஆகஸ்டில் ஒரு மத்திய அரசு ஊழியர் சங்கத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தனியாரில் நடக்கும் கூட்டு பேரத்தை (ஊழியர்கள் எல்லோர் சார்பிலும் சங்கம் சம்பளம் பேசுவதை) அப்படியே அரசுப் பணிக்குள் கொண்டுவர முடியாது என்றார், அரசை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வதை நினைத்தே பார்க்க முடியாது என்றார். சங்கம் வேண்டாம் என்பவர்கள் இந்தக் கடிதத்தை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் நியாயமான சம்பளம், சரியான வேலை நேரம், பாதுகாப்பு இவற்றை விரும்புவதில் அரசு ஊழியருக்கும் தனியார் ஊழியருக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அங்கே 1959-இல் விஸ்கான்சின் மாநிலம் உள்ளாட்சி ஊழியர்களுக்குப் பேரம் பேசும் உரிமையைக் கொடுத்தது, 1962-இல் ஜனாதிபதி கென்னடி ஓர் ஆணை மூலம் மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓரளவு கொடுத்தார்.

கெட்ட வருடத்தில் கேட்கும் 3 சதவீத உயர்வைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறோம், நல்ல வருடத்தில் சத்தமில்லாமல் கையெழுத்தாகும் ஓய்வூதிய வாக்குறுதியை யாரும் பார்ப்பதில்லை. கஜானாவைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் பங்குச் சந்தை உச்சத்தில் இருந்தபோது அரசு ஊழியர் ஓய்வூதியத்தைத் தாராளமாக உயர்த்தி ஒரு சட்டம் வந்தது. அதன்படி நெடுஞ்சாலைப் போலீஸில் இருப்பவர் 50 வயதில் ஓய்வு பெறலாம், பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 3 சதவீதம் ஓய்வூதியம், அதாவது 30 வருடம் முடித்திருந்தால் 90 சதவீதம். முதலீட்டு வருமானமே இதைத் தாங்கிக்கொள்ளும், அரசுக்குக் கூடுதல் செலவு வராது என்று ஓய்வூதிய நிதியம் கணக்குக் காட்டியது. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல் இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டார்கள். பல நகராட்சிகள் பின்னாலேயே போய் இதேபோல ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடமே சந்தை விழ ஆரம்பித்தது. 2008-09 நிதியாண்டில் அந்த நிதியம் தன் மதிப்பில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தது. அதே மாநிலத்தின் வல்லேஹோ நகரம் 2008-இல் திவால் மனு கொடுத்தது, ஸ்டாக்டன் 2012-இல். 1999-இல் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அப்போது பதவியில் இருந்திருப்பார்கள்?

இதில் ஊழியரும் கடைசியில் அடிபடுகிறார், அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவாலானபோது, ஏற்கெனவே ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சாதாரண நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டினார்கள், விலைவாசிக்கு ஏற்ப வருடாவருடம் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்கள். 70 வயதுக்காரர் திரும்ப எங்கே வேலைக்குப் போவார்? சேர்த்து வைக்காத பணத்தைத் தருவதாகச் சொன்னவர்களும், அதைக் கணக்குக் கேட்காமல் வாங்கிக்கொண்ட சங்கத் தலைவர்களும் சேர்ந்து அந்த மனிதரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

அதற்காகச் சம்பளத்தை உறைய வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்பு. ஆசிரியரும் துப்புரவுத் தொழிலாளியும் வாங்கும் சம்பளம் அடுத்த வாரமே கடையிலும் வாடகையிலும் செலவாகிறது, மந்த நேரத்தில் அதை வெட்டினால் மந்தம் இன்னும் இறுகும். ஒரு வருடம் நிறுத்தி வைப்பதை யாரும் தாங்குவார்கள். பிரிட்டன் ஒரு வருடத்தோடு விடவில்லை, இழுத்துக்கொண்டே போனது. முதலில் 2 வருடம் உறைய வைத்தார்கள் (21,000 பவுண்டுக்குக் கீழே வாங்குபவர்களுக்கு மட்டும் 250 பவுண்ட் கொடுத்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும்), அப்புறம் 2017 வரை 1 சதவீத உச்சவரம்பு. 1916-இல் தொடங்கிய அங்குள்ள செவிலியர் சங்கம் தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தை 2022 டிசம்பரில் நடத்தியது. வருடக் கணக்கில் விலைவாசிக்குப் பின்னால் ஓடிக் களைத்துப்போனவர்கள் அவர்கள், பேராசைக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியை நிறுத்தினார்கள். மூன்று தவணை, 18 மாதம். 2021 ஜூலையில் 17 சதவீதத்திலிருந்து 28 ஆக உயர்த்தினார்கள், ஆனால் இடைப்பட்ட காலத்துக்கு நிலுவை தரவில்லை. சுமார் 34,402 கோடி ரூபாய் மிச்சமானதாக அரசு சொன்னது. ஊரே வேலையிழந்து கிடந்த நேரத்தில் இதை ஏற்கத்தான் வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இருக்கும் ஒரே குறை, கடைநிலை ஊழியருக்கும் செயலாளருக்கும் ஒரே அளவுகோல் வைத்ததுதான். அகவிலைப்படி என்பது உயர்வே இல்லை, விலை ஏறியதற்கான ஈடு. 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரர் அதை இழப்பதும் 2 லட்சத்துக்கு மேல் வாங்குபவர் இழப்பதும் ஒன்றல்ல.

அயர்லாந்து இதை வேறு மாதிரி செய்தது. 2010 ஜனவரியிலிருந்து அரசு ஊழியர் சம்பளத்தையே வெட்டினார்கள், ஆனால் படிப்படியாக: முதல் 30,000 யூரோவுக்கு 5 சதவீதம், அடுத்த 40,000-க்கு 7.5, அதற்கு மேல் உள்ள 55,000-க்கு 10. 30,000 வாங்கியவருக்கு 1,500 யூரோ போனது, 70,000 வாங்கியவருக்கு 4,500. சங்கங்கள் ஒத்துக்கொண்டு நடந்ததல்ல இது, பேச்சுவார்த்தை முறிந்த பிறகு அரசு தானாகச் செய்தது. ஆனால் அதே வருடம் இரண்டு தரப்பும் உட்கார்ந்து குரோக் பார்க் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள்: இதற்கு மேல் வெட்டு இல்லை, பதிலுக்கு வேலை முறையில் மாற்றங்களை ஊழியர்கள் ஏற்பது. 2013-இல் அதிகச் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு வெட்டு வந்தது, அது வாக்கை மீறியதுதான். இருந்தாலும் நிலைமை தேறிய பிறகு 2015-இல் சட்டம் போட்டு, வெட்டியதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"சங்கத்தையே ஒழித்துவிட்டால் தீரும்" என்பவர்களுக்கு 2011 விஸ்கான்சினைச் சொல்கிறேன். ஆளுநர் ஸ்காட் வாக்கர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர்கள் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்றார். பணத்தைத் தருகிறோம், பேரம் பேசும் உரிமையை விட்டுவையுங்கள் என்று சங்கங்கள் வெளிப்படையாகவே சொன்னன. பணத்தையும் எடுத்து உரிமையையும் எடுத்தார்கள். அடிப்படைச் சம்பளம் தவிர வேறு எதைப் பற்றியும் பேரம் கிடையாது, அதிலும் விலைவாசி உயர்வுக்கு மேல் வேண்டுமென்றால் பொது வாக்கெடுப்பு. போலீஸுக்கும் தீயணைப்புக்கும் மட்டும் விலக்கு. காரணம் பற்றாக்குறைதான் என்றால் அந்த விலக்கு எதற்கு? நாட்டின் முதல் அரசு ஊழியர் பேரச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே மாநிலம்.

நான் இன்று சங்கக் கூட்டத்தில் இருந்தால் என்ன கேட்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் கணக்குப் புத்தகத்தை மேசையில் வைக்கச் சொல்வேன், ஓய்வூதியத்துக்கு உண்மையில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது உட்பட. மேல்நிலையில் இருப்பவர்களுக்கு உயர்வு வேண்டாம், நிறுத்திய தொகை எந்தத் தேதியில் திரும்ப வரும் என்பதை எழுத்தில் கொடுங்கள், கீழ்நிலைக்கு மட்டும் விலைவாசி ஈடு என்பேன். ஒப்பந்த ஊழியர் ஒருவரைக்கூட எங்கள் சம்பளத்துக்காக அனுப்பக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைப்பேன், அது இல்லாத ஒப்பந்தத்துக்கு என் கை உயராது. அந்தப் பக்கத்து மேசைக்கு அப்புறம் யாரும் வரவில்லை, அவர் செய்த வேலையை நாங்களே பிரித்து எடுத்துக்கொண்டோம், ஓய்வூதிய மனுக்கள் நகர்வதற்கு முன்பைவிட இரண்டு மடங்கு நாள் ஆனது, வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் வயதானவர்கள்.