அவன் காதில் விழாத வாக்கியம்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 36. திருமணம் ஆகவில்லை. எங்கள் ஊரில் சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருக்கிறேன். நான் கேட்கவிருப்பது ஒரு நாவலைப் பற்றி என்பதால், இதை உங்களுக்கு எழுதுவது பொருத்தம்தானா என்ற தயக்கம் இருக்கிறது. ஆனால் கடந்த 4 மாதங்களாக அந்த நாவல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எமிலி பிராண்டே எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ எங்களுக்குப் பாடமாக இருந்தது. அப்போது நோட்ஸை மட்டும் மனப்பாடம் செய்து தேறிவிட்டேன். இப்போதுதான் நாவலையே கையில் எடுத்தேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துப் பண்ணை வீட்டுக்காரர் ஒருவர், லிவர்பூல் தெருவில் பசியோடு திரிந்த ஒரு கறுத்த சிறுவனைத் தூக்கிவந்து தம் பிள்ளைகளோடு வளர்க்கிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். மகள் கேத்தரின் அவனோடு உயிராகப் பழகுகிறாள். மகன் ஹிண்ட்லி அவனை வெறுக்கிறான். தந்தை இறந்ததும் ஹிண்ட்லி அவனைப் பண்ணையாள் ஆக்கிவிடுகிறான். கேத்தரினோ பக்கத்து மாளிகையின் எட்கர் லிண்டனை மணக்கச் சம்மதிக்கிறாள். ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழிவு என்று அவள் பணிப்பெண் நெல்லியிடம் சொல்வதைக் கேட்டுவிட்டு வெளியேறும் அவன், 3 ஆண்டுகள் கழித்துப் பணத்தோடு திரும்புகிறான். அதன் பிறகு நடப்பதெல்லாம் நாசம்தான்.

பெரியவர் லிண்டன் அந்தச் சிறுவனை முதலில் பார்த்ததும், இவன் லஸ்கர் பையனாக இருக்குமோ என்கிறார். லஸ்கர் என்பது நம் நாட்டுப் பக்கமிருந்து கப்பலேறிய கூலி மாலுமிகளைக் குறிக்கும் சொல் என்று தெரிந்தபோது, அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

என் அப்பா ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை செய்தார். ஆலை முதலாளி வீட்டுப் பெண்ணும் நானும் ஆலைக் களத்தில் வளர்ந்தவர்கள். அவித்த நெல்லை நான் காலால் கிளறிக்கொண்டு போனால், என் கால் பதிந்த சாலிலேயே அவள் பின்னால் நடந்து வருவாள். எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையே இருந்த தூரத்தை நான் எழுதத் தேவையில்லை. 2012-ஆம் ஆண்டு அவளுடைய அண்ணன் என்னை ஆலை வாசலில் நிறுத்தி, “ஆலைக்காரன் மகள் அவிப்புக்காரன் மகனைக் கட்டுவாளா என்று அவளே சிரித்தாள்” என்றார். அன்றிரவே ஊரைவிட்டுப் போனேன். 8 ஆண்டுகள் கத்தாரில் இருந்தேன். அவள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள்.

இப்போது அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. அவளுடைய அண்ணன் கைபேசியில் ரம்மி ஆடிக் கடனாளி ஆகிவிட்டார். நான் அவருக்கு 3 தவணையாக 6 லட்சம் கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பத்திரம் என் பீரோவில் இருக்கிறது. ஹிண்ட்லி சீட்டாடி ஹீத்கிளிஃபிடம் பணத்தை விடும் இடத்தைப் படித்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய 7 வயது மகன் பள்ளி விட்டதும் என் கடைக்கு வந்து, சிமெண்ட் மூட்டைகளில் உள்ள எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பான். என்னை மாமா என்று கூப்பிடுவான். அது இருக்கட்டும்.

கேத்தரின் இறந்த பிறகு கதையில் எனக்கு ஈடுபாடு இல்லாமல் போய், புத்தகத்தை மூடிவிட்டேன். “நானே ஹீத்கிளிஃப்” என்று அவள் சொல்லும் வாக்கியத்தைக் கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். என் கேள்வி இதுதான்: இவ்வளவு உண்மையான காதல் ஏன் அழிவில் முடிந்தது? எமிலி ஏன் இவர்களைச் சேர்த்து வைக்கவில்லை? காரணம் சமூகமா, விதியா, அந்தப் பெண்ணின் ஆசையா? உண்மையான காதல் என்றாலே இப்படித்தான் முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நாவலுக்குள் போகும் முன் உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கிறேன். 4 மாதத் தூக்கமின்மையையும் ஒருவேளைச் சாப்பாட்டையும் படித்த புத்தகத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே செல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். ஹீத்கிளிஃபும் கடைசியில் சாப்பாட்டை ஒதுக்கித்தான் செத்தான் என்பது, புத்தகத்தை நீங்கள் மூடிய இடத்துக்கு வெகு தூரம் தள்ளி வருகிறது. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி அந்த 9-ஆம் அத்தியாயத்து இரவுக்கு வருவோம். நெல்லி சமையற்கட்டில் ஒரு குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சுவரோரம் ஒரு பெஞ்சில் ஹீத்கிளிஃப் படுத்திருப்பது, நடுவே கிடக்கும் உயர்ந்த முதுகுடைய மர இருக்கை மறைப்பதால் கேத்தரினுக்குத் தெரியவில்லை. அவள் பேசுகிறாள், அப்போது அவளுக்கு 15 வயது என்பதை வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். இப்போது ஹீத்கிளிஃபை மணப்பது எனக்கு இழிவு என்கிறாள். மூலத்தில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை, அரைப்புள்ளிதான் இருக்கிறது. அதே மூச்சில், ஆகவே நான் அவனை எவ்வளவு நேசிக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியவே போவதில்லை, என்னைக் காட்டிலும் அவனே நானாக இருக்கிறான் என்று அவள் தொடர்கிறாள். ஆனால் இழிவு என்ற சொல் வரைக்கும் கேட்டவன் ஓசையின்றி எழுந்து போய்விட்டான். நீங்கள் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கும் வாக்கியம் அதற்கும் பிறகு வருகிறது. அதைக் கேட்டவள் நெல்லி ஒருத்திதான். நாவல் முழுவதும் தேடிப் பாருங்கள், கேத்தரின் அந்த வாக்கியத்தை ஹீத்கிளிஃபிடம் ஒருமுறையும் சொல்வதில்லை.

அவன் எழுந்து போனதை நெல்லி பார்த்தாள். கேத்தரினிடம் உடனே சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னபோது, இடியும் மழையுமாக இருந்த அந்த இரவில் கேத்தரின் வெளியே ஓடி, சொட்டச் சொட்ட நனைந்தபடி அவனைக் கூவிக் கூவி அழைத்தாள். காய்ச்சலில் விழுந்தாள். பரிவோடு தங்கள் மாளிகைக்கு அழைத்துப்போய் அவளைத் தேற்றிய எட்கரின் பெற்றோரையும் அந்தக் காய்ச்சல் தொற்றி, சில நாள் இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள். அந்தக் கூக்குரலும் ஹீத்கிளிஃபின் காதில் விழவில்லை.

சமூகமா என்று கேட்டீர்கள். ஆம், அந்தப் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தந்தைக்குப் பின் வீடும் நிலமும் ஹிண்ட்லிக்குப் போயின. கேத்தரினிடம் தனக்கென்று ஒரு காசும் இல்லை. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமையை இங்கிலாந்தின் சட்டம் 1882-இல்தான் கொடுத்தது; நாவல் வந்ததோ 1847 டிசம்பரில், அதில் நடக்கும் கதையின் பெரும்பகுதி அதற்கும் முந்தைய நூற்றாண்டில். எட்கரின் பணத்தைக் கொண்டு ஹீத்கிளிஃபை அண்ணனின் பிடியிலிருந்து மீட்டுவிடலாம் என்று அவள் போட்ட சிறுபிள்ளைக் கணக்கைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லி மட்டும், நீ சொன்ன காரணங்களிலேயே மோசமானது இதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

ஆனால் சமூகத்தோடு நிறுத்திவிட்டால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 3 ஆண்டுகளில் ஹீத்கிளிஃப் பணமும் கனவானின் தோரணையும் பெற்றுத் திரும்பிவிட்டான். இழிவு என்ற சொல்லுக்கு இருந்த காரணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும், உன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஹிண்ட்லியோடு உள்ள கணக்கைத் தீர்த்துத் தன்னையும் முடித்துக்கொள்வதே தன் திட்டமாக இருந்தது என்றுதான் அவன் கேத்தரினிடம் சொல்கிறான். அன்று நீ சொன்னதன் மீதியை நான் கேட்கவில்லை, அது என்ன என்று அவன் கேட்பதில்லை. அவளும், நீ எவ்வளவு கேட்டாய், ஏன் போனாய் என்று உட்கார்ந்து பேசுவதில்லை. கடைசிச் சந்திப்பிலும் கட்டித் தழுவிக்கொண்டே ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துகிறார்கள்.

இதற்குக் காரணம் நீங்கள் கொண்டாடும் அந்த வாக்கியமே என்று நான் எண்ணுகிறேன். நானும் கல்லூரி நாளில் தோழியின் ஆட்டோகிராஃப் நோட்டில் அதை எழுதிக் கொடுத்தவள்தான். ஒருவர் நானே ஆகிவிட்டால், அவரிடம் நான் எதையும் கேட்கத் தேவையில்லை, சொல்லத் தேவையில்லை. தன் மனம் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே கேத்தரின் கடைசிவரை இருந்தாள். தெரியவில்லை என்றபோது அது அவளுக்குத் துரோகமாகப்பட்டது. ஆலோசனைக்கு வரும் தம்பதியரிடம் ‘நான் சொல்லாமலே இவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா?’ என்ற அதே குறையைக் கேட்கிறேன். இருவர் நடுவே சொல்வதற்கும் கேட்பதற்கும் ஓரடி இடமாவது வேண்டும். கேத்தரினும் ஹீத்கிளிஃபும் அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. ஆதரவற்ற இரு பிள்ளைகள் ஹிண்ட்லியின் கொடுமைக்கு எதிராக ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டதால் வந்த நெருக்கம் அது; குழந்தைப் பருவத்தில் அவர்களைக் காப்பாற்றிய அதுவே, வளர்ந்தபின் அவர்களைப் பேசவிடாமல் செய்தது.

அந்த இரவோடு ஹீத்கிளிஃப் சுமந்துகொண்டு போனதைக் காதல் என்கிறோம். அவன் காதில் விழுந்ததோ அவமானம் மட்டும். அவன் செய்ததை எல்லாம் அடுக்கிப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி அந்த அவமானம் செய்தது.

இனி உங்களிடம் வருகிறேன். கேத்தரின் இறப்பது 16-ஆம் அத்தியாயத்தில். நாவலில் 34 அத்தியாயங்கள் உள்ளன. 1939-இல் வந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படமும் பின்பாதியை விட்டுவிட்டது என்பதால் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போனவனின் கதையை நீங்களும் பாதியில் மூடியிருக்கிறீர்கள்.

ஹிண்ட்லி நிலம் முழுவதையும் அடமானம் வைத்துக் குடித்தே இறக்கிறான். அவனுடைய பிள்ளை ஹேர்ட்டன் தன் சொந்த வீட்டிலேயே கூலியில்லாத வேலையாள் ஆகிறான். ஹிண்ட்லியின் சவ அடக்க நாளில் ஹீத்கிளிஃப் அந்தச் சிறுவனை மேசைமேல் தூக்கி நிறுத்தி, இனி நீ என்னுடையவன், அதே காற்று முறுக்கினால் இந்த மரமும் அதேபோல் கோணலாக வளராதா என்று பார்ப்போம் என்கிறான். அவனுக்கு எழுத்தறிவு கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறான். வாசலுக்கு மேலே கல்லில் 1500 என்ற ஆண்டோடு செதுக்கியிருப்பது தன் பெயரேதான் என்பதைக்கூட ஹேர்ட்டனால் வெகு காலம் படிக்க முடிவதில்லை. அவனுக்குப் பின்னாளில் படிக்கச் சொல்லித் தருபவள் கேத்தரினின் மகள். அவளும் முதலில் அவனை எள்ளி நகையாடியவள். பிறகு மன்னிப்புக் கேட்டாள், புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தாள், தப்பாகப் படித்தால் திருத்தினாள். நானே அவன் என்று அவள் எங்கும் சொல்வதில்லை. 1803 புத்தாண்டு நாளில் அவர்கள் திருமணம் என்று நாள் குறிக்கப்படுகிறது. எமிலி ஏன் சேர்த்து வைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்களே, அவர் சேர்த்து வைத்த இருவர் இவர்கள்தாம்.

அந்த 9-ஆம் அத்தியாயத்து மாலையில் நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குடிவெறியில் ஹிண்ட்லி தன் குழந்தையை மாடிக் கைப்பிடிக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கையில் அது கைநழுவி விழுகிறது. கீழே வந்துகொண்டிருந்த ஹீத்கிளிஃப் யோசிக்காமல் கையை நீட்டி அதைப் பிடித்துவிடுகிறான். மேலே பார்த்த பிறகே, எப்பேர்ப்பட்ட பழிவாங்கும் வாய்ப்பை இழந்தோம் என்று அவன் முகம் மாறுகிறது. நெல்லியின் மடியில் இருந்தது அந்தக் குழந்தைதான். சிமெண்ட் மூட்டையில் எழுத்துக் கூட்டும் பையனைப் பற்றி எழுதிவிட்டு ‘அது இருக்கட்டும்’ என்று நீங்கள் கடந்துபோன இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். அத்தை கணவரையும் மாமா என்றுதான் அழைக்கிறோம். அந்தச் சொல் உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

ஹீத்கிளிஃப் தன் காதாலேயே கேட்டான். நீங்களோ அவள் சிரித்தாள் என்பதை உங்களைப் பிரிக்க விரும்பியவரின் வாயிலிருந்து கேட்டீர்கள். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது உங்களுக்கு இன்றும் தெரியாது. அதை இப்போது அவளிடம் போய்க் கேட்க வேண்டாம். அவளுக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது, அந்தக் கேள்வி அங்கே என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. இறந்துபோனவருக்காக ஊர்கூடி அழுகிறோம். எங்கோ உயிரோடு இருப்பவரை இழந்ததற்கு அழ ஒரு சடங்கும் கிடையாது. அமெரிக்க ஆய்வாளரும் குடும்பச் சிகிச்சையாளருமான பாலின் பாஸ் இத்தகையவற்றைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். நேரில் வந்தால் நாம் பேச வேண்டியது அதைப் பற்றி.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்து, 6 லட்சத்தையும் மாதத் தவணையாக எழுதிக்கொண்டு, அந்த வீட்டுப் பத்திரத்தை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, அது நீங்கள் கத்தாரில் உழைத்த பணம். இன்னொரு தவணை மட்டும் கொடுக்காதீர்கள். அது அவருடைய சூதாட்டத்துக்குத்தான் போகும், அதற்கும் மனநலப் பிரிவில் சிகிச்சை இருக்கிறது என்று அந்தப் பெரியவர் வழியாகவே சொல்லச் சொல்லுங்கள். வட்டி எவ்வளவு போடுவது என்று கேட்பார்கள். வங்கி வட்டிக்கு மேல் போட வேண்டாம்.