பட்டமா, பட்டறையா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். பல்கலைக்கழகம் வேண்டாம், எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்கிறேன் என்கிறான். தொழிற்பயிற்சி நிலையம் நல்லதா, இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: அலுவலக அறையில் உட்கார்ந்து விசாரித்தால் ஒன்றும் தெரியாது. வகுப்பு நடக்கிற நாளில் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். முதலில் ஒரு மெஷினுக்கு எத்தனை மாணவர்கள் என்று எண்ணுங்கள். 20 பேருக்கு 4 லேத் (கடைசல் மெஷின்) இருந்தால், 3 மணி நேர வகுப்பில் ஒருவருக்குக் கிடைப்பது 36 நிமிடம்தான். மீதி நேரம் அடுத்தவன் செய்வதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பார்த்துப் பார்த்துக் கை பழகாது.

அடுத்து, கழிவுத் தொட்டி. வெல்டிங் பிரிவில் எரிந்த ராடு (உருகி ஒட்டவைக்கும் உலோகக் குச்சி) துண்டுகளும் அறுத்துப் பார்த்த தகடுகளும், ஒயரிங் பிரிவில் நறுக்கிப்போட்ட ஒயரும் குவிந்து கிடக்க வேண்டும். தொட்டி சுத்தமாக இருந்தால் அங்கே யாரும் பயிற்சி செய்யவில்லை என்று அர்த்தம். நுண்ணளவு எடுக்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா, மாணவர் கையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எலக்ட்ரிக்கல் பிரிவில் ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "நீங்களே ஒரு கோளாறை வைத்துவிட்டு, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா?" புதிதாக ஒயர் இழுப்பதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். விளக்கு எரியாத சர்க்யூட்டில் பழுது சுவிட்சிலா, ஜாயிண்டிலா, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்ததிலா என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பதுதான் தொழில். பாதுகாப்பும் அப்படித்தான். மெயினை அணைத்துப் பூட்டிய பிறகு, முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரைச் சோதிக்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் முதல் இடத்துக்கே வந்து டெஸ்டரைச் சோதிக்க வேண்டும். நடுவில் டெஸ்டர் பழுதாகியிருந்தால், உயிரோடு இருக்கும் ஒயரையும் செத்த ஒயர் என்றே காட்டும். கடைசிப் படியை மாணவர்கள் தானாகச் செய்கிறார்கள் என்றால் அங்கே நம்பிச் சேர்க்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. மின்வேலை, எரிவாயு வேலை போன்றவற்றுக்குப் பல நாடுகளில் உரிமம் இல்லாமல் தனியாக வேலை எடுக்க முடியாது. உரிமம் தரும் அமைப்பு இந்த நிலையத்தின் சான்றிதழையும் பயிற்சி மணிநேரத்தையும் ஏற்றுக்கொள்கிறதா என்று அந்த அமைப்பிடமே நேரில் கேளுங்கள். நிலையம் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஏற்காத சான்றிதழாக இருந்தால் கற்ற வேலை கையில் இருக்கும், ஆனால் படித்த காலம் கணக்கில் வராது.

கேள்வி: கணக்கு வராததால்தான் தொழிற்படிப்புக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. இந்த நினைப்போடு வருகிறவர்கள்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒரு சின்ன வேலையைப் பாருங்கள். சுவரில் போகிற இரும்புக் கான்ட்யூட் குழாயை (ஒயர் செல்லும் குழாய்) 100 மி.மீ. ஒதுக்கி, அதே திசையில் தொடர வேண்டும். 30 டிகிரியில் இரண்டு வளைவு போட்டால், வளைவுக் குறிகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? ஒதுக்கத்தை 2-ஆல் பெருக்க வேண்டும், 200 மி.மீ. 30 டிகிரியின் சைன் மதிப்பு அரை என்பதால் வந்த 2 அது. 45 டிகிரி என்றால் சுமார் 1.41. வளைத்த பிறகு குழாயின் நீளமும் குறையும். இந்த உதாரணத்தில் ஏறக்குறைய 27 மி.மீ. அதைச் சேர்க்காமல் வெட்டினால் குழாய் பெட்டியை எட்டாது, துண்டு வீண். பள்ளியில் புரியாத திரிகோணம் குழாயைக் கையில் பிடித்ததும் பலருக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே கணக்கைக் கண்டு ஓடாதீர்கள். பின்னமும் விகிதமும் மட்டுமாவது சேருவதற்கு முன் தேற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெல்டிங் படிக்கிறேன். இரண்டு மாதமாகியும் என் வெல்டில் ஊசித்துளை விழுகிறது. இந்தத் தொழில் எனக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வரும். ஊசித்துளைக்குக் காரணங்கள் சில மட்டுமே, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கலாம். துரு, பெயின்ட், எண்ணெய் இருக்கிறதா? ஜாயிண்டின் இரு பக்கமும் 20 மி.மீ. அளவுக்குப் பளபளவென்று கிரைண்ட் செய்யுங்கள். காற்றடிக்கும் இடமா? மறைப்பு வையுங்கள். ராடு ஈரம் குடித்திருக்கிறதா? 7018 என்ற வகை எண் கொண்ட ராடாக இருந்தால் பொதுவாக 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரமாவது உலர்த்தச் சொல்வார்கள், பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். 6013 ராடை அந்தச் சூட்டில் வைத்தால் பூச்சு கெட்டுவிடும். அதற்கு 100 டிகிரியை ஒட்டிய சூடு போதும்.

இவை எல்லாம் சரி என்றால் ஆர்க் (ராடு முனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி) நீளம்தான். 3.15 மி.மீ. ராடுக்கு, முனைக்கும் தகட்டுக்கும் இடைவெளி சுமார் 3 மி.மீ. இருக்கட்டும். புதியவர்கள் ராடை வெல்ட் போகும் திசையில் நகர்த்துவார்கள், ஆனால் ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே வருவதை மறந்துவிடுவார்கள். கை கீழே இறங்காததால் இடைவெளி தானாகப் பெரிதாகிறது. பூச்சிலிருந்து வரும் வாயு உருகிய உலோகத்தை மூட முடியாமல் காற்று நுழைந்துவிடுகிறது. துளைகள் வெல்டின் பின்பாதியில் அதிகமா என்று பாருங்கள். அப்படியென்றால் இதுதான் காரணம். காதும் உதவும்: சரியான ஆர்க் சடசடவென்று ஒரே சீராகக் கேட்கும், நீண்டுவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வந்து பொறி சிதறும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆம்பியரையும் ராடையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். துத்தநாகம் பூசிய தகட்டில் மட்டும் பூச்சை நீக்காமல் பழகாதீர்கள். துளையும் விழும், அந்தப் புகை காய்ச்சலும் தரும்.

கேள்வி: தொழிற்கல்வியில் சேர்ந்தால் பிறகு பட்டம் படிக்கும் வழி அடைபட்டுவிடுமா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியின் தகுதி வரிசையில் 'மைஸ்டர்' என்னும் தலைமைக் கைவினைஞர் தகுதியும் இளநிலைப் பட்டமும் ஒரே 6-ஆம் நிலையில் இருக்கின்றன. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளில் பட்டம் இல்லாமல் வழி கிடையாது. மகனுக்கோ மகளுக்கோ அதில் உண்மையான ஆசை இருந்தால், செலவுக்கு அஞ்சித் தொழிற்பயிற்சிக்குத் தள்ளாதீர்கள். தொழிலில் சேருகிறவர்கள் பிறகு படிக்க நினைத்தால், பாடவாரியான மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட நகல், பயிற்சி மணிநேரப் பதிவேடு மூன்றையும் முதல் ஆண்டிலிருந்தே முத்திரையோடு வாங்கி வையுங்கள். பின்னாளில் பாட விலக்கு (ஏற்கெனவே படித்த பாடத்தை மறுபடி படிக்காமல் விடும் அனுமதி) கேட்கும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.