முதல் திரையில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: எங்களுக்கு வெள்ளவத்தையில் கூறைச் சேலைக் கடை இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் நின்று பார்த்து வாங்குகிறார்கள், ஆனால் புதிதாகச் செய்வித்த வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் உடனே போய்விடுகிறார்கள். முகப்பில் ஆறு படங்கள் மாறி மாறி ஓடுகின்றன, நாதஸ்வர இசையும் வைத்திருக்கிறோம். இன்னும் என்ன சேர்க்கலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம் அக்கா, எடுங்கள். முதலில் அந்த இசையை எடுங்கள். கந்தோரில் இருந்தபடி சேலை பார்க்கிற பெண் சத்தம் கேட்ட உடனே மூடிவிடுவாள், பல போன்களில் பிரவுசரே அதை ஒலிக்கவும் விடாது.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இணையப் பக்கங்களை ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அரை விநாடி காட்டியபோது கிடைத்த பதில்களோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போயின. அவ்வளவு நேரத்தில் பக்கத்தை வாசிக்க முடியாது, கண்ணில் படுவது நிறமும் இடைவெளியும் ஒழுங்கும்தான். ஆறு படங்கள் ஓடுகிற இடத்தில் ஒழுங்கு எப்படித் தெரியும்?

ஒரு படம் போதும். உங்கள் கடைச் சேலையை உடுத்திய மணப்பெண், நல்ல வெளிச்சத்தில். இணையத்தில் எடுத்த யாரோ ஒரு மாடலின் படம் வேண்டவே வேண்டாம், நம் ஆட்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் கீழே "கூறைச் சேலைகள், காலி வீதி, வெள்ளவத்தை" என்று ஒரு வரி, விலை எத்தனை ரூபாவில் தொடங்குகிறது என்று ஒரு வரி, ஒரு வாட்ஸ்அப் பொத்தான். இவ்வளவும் போன் திரையில் விரலால் தள்ளாமலே தெரிய வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று விலையை மறைக்காதீர்கள், விலை கேட்கக் கூச்சப்படுகிற எத்தனையோ பேர் பேசாமல் போய்விடுவார்கள்.

அப்புறம் வேகம். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால்தான் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். கெமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு படமே ஐந்தாறு எம்பி இருக்கும், டேட்டா போட்டுப் பார்க்கிறவர் அதற்காகக் காத்திருக்க மாட்டார். அகலத்தைக் குறைத்து, படங்களைச் சுருக்கி வைக்கிற வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம்தான், தள முகவரியைக் கொடுத்தால் போனில் எது இழுத்தடிக்கிறது என்று காட்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடைகள் கோட்டை விடுவது இங்கேதான். அச்சகத்துக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே தளத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அதற்குப் பயந்து எழுத்தையே படமாக்கிப் போடுகிறார்கள். அப்போது பக்கமும் கனக்கிறது, பெரிதாக்கினால் மங்குகிறது, கண் தெரியாதவர்களின் வாசிப்புச் செயலிக்கும் புரிவதில்லை. எல்லாப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை வையுங்கள், வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் விடுங்கள். நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு, நெருக்கி வைத்தால் ஒன்றோடொன்று முட்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் இருந்தால், மொழி மாற்றும் பொத்தானை மேலேயே வையுங்கள், ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த எழுத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கேட்டரிங் தளத்தைத் திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் "பாதுகாப்பற்றது" என்று வருகிறதாம். பெரிய பிரச்சினையா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பெரிய பிரச்சினைதான், ஆனால் சரிசெய்வது சுலபம். எச்டிடிபிஎஸ் (https), அதாவது தளத்துக்கும் பார்க்கிறவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை, இல்லாத தளங்களுக்கு குரோம் பிரவுசர் 2018 ஜூலையில் இருந்தே இப்படிக் காட்டுகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு முற்பணம் கட்ட நினைக்கிறவர் அந்தச் சொல்லைப் பார்த்தால் நிச்சயம் தயங்குவார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்குத் தேவையான சான்றிதழை இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் கம்பனிகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே போதும். தளம் செய்து தந்தவரை இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள், இதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.